ஒரு கடுகும் 70,000 கோடியும்

அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்து மேஜை மேல் வையுங்கள். கொஞ்சம் பருத்த கடுகாக, 2 மி.மீ. குறுக்களவு உள்ளதாக இருக்கட்டும். அதை 70,000 கோடி மடங்கு பெரிதாக்கினால் சூரியன் அளவுக்கு வந்துவிடும், அதாவது சுமார் 14 லட்சம் கி.மீ. சூரியனை இன்னொரு 70,000 கோடி மடங்கு பெரிதாக்கினால் நம் பால்வெளி மண்டலம் முழுவதும் அதற்குள் வந்துவிடும், ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு). இப்போது மறுபக்கம் போவோம். கடுகை 70,000 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் கிடைப்பது ஹீலியம் போன்ற ஒரு சிறிய அணுவின் கரு.

இதற்குப் பின்னால் இயற்கை விதி எதுவும் இல்லை, தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனாலும் பத்தின் அடுக்குகளைப் படித்துப் படித்து மனம் மரத்துப்போகும்போதெல்லாம் எனக்குக் கைகொடுப்பது இந்தக் கடுகுதான். 70,000 கோடி மடங்கை ஓர் அடியெடுத்து வைப்பதாகக் கொண்டால், கீழே ஓர் அடி, மேலே இரண்டு அடி. இந்த மூன்று அடிகளையும் மனிதர்கள் எப்படி அளந்தார்கள்? யாரும் அங்கே போய் டேப் பிடிக்கவில்லையே.

முதலில் சூரியன். ஒரு சாண் தள்ளி வைத்த கடுகு கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, சூரியனும் நமக்கு அவ்வளவு பெரிதாகத்தான் தெரிகிறது. குறுக்களவைப் போல சுமார் 107 மடங்கு தூரத்தில் அது இருக்கிறது என்பது இதன் பொருள். ஆக, தூரம் தெரிந்துவிட்டால் அளவும் தெரிந்துவிடும். அந்தத் தூரம்தான் நெடுநாள் பிடிபடவில்லை. கோள்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்று, கோள்களின் பாதைகளைக் கணித்த வானியலாளர் கெப்ளர் காலத்திலேயே தெரியும். மைல் கணக்கில் ஒன்றுகூடத் தெரியாது.

வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போகும் அபூர்வ நாள் அதற்கு வழி காட்டியது. பூமியில் வெவ்வேறு இடங்களில் நின்று பார்ப்பவர்களுக்கு அந்தக் கரும்புள்ளி கொஞ்சம் வெவ்வேறு பாதையில் கடக்கும், கடக்கும் நேரமும் மாறும். அந்த நேர வித்தியாசத்தையும் இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் வைத்து வெள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து கெப்ளரின் விகிதப்படி சூரியனின் தூரம் வந்துவிடும்.

1761-இல் நிகழவிருந்த கடப்பைப் பார்க்கத்தான் லெ ஜான்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து கடப்பைப் பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 8 ஆண்டுகள் கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1768-இல் ஒருவழியாகப் புதுச்சேரி வந்து கண்காணிப்பு மேடை அமைத்தார். நம் ஊர்க்காரர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதியும் வைத்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது. கிளம்பி 11 ஆண்டுகள் கழித்து பிரான்ஸ் திரும்பியவரை அங்கே இறந்தவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும் கதை. மற்ற இடங்களில் வானம் தெளிவாக இருந்தது. அந்த அளவுகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-இல் கணக்கிட்ட தூரம், இன்று நாம் ஏற்றிருக்கும் 14.96 கோடி கி.மீ.யிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை.

சரி, அடுத்த அடி. சூரியனைக் கடுகாக்கினால் பூமி ஒரு சாண் தள்ளிச் சுற்றும் தூசி, நெப்டியூன் ஆறரை மீட்டரில். அடுத்த நட்சத்திரம்? 58 கி.மீ. தள்ளி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால்தான் அடுத்த கடுகு! இப்படிக் கிடக்கும் பல ஆயிரம் கோடிக் கடுகுகளின் கூட்டத்துக்கு எல்லை கட்டுவது எப்படி?

ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, வானத்தின் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்ரியெட்டா லீவிட்தான் அதற்கு அளவுகோலைக் கண்டெடுத்தார். செபீடு என்ற வகை நட்சத்திரங்கள் சீராகப் பிரகாசித்து மங்கும். சோறு கொதிக்கும் பானையின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி சேர்ந்து மூடியைத் தூக்கும், ஆவி வெளியேறியதும் மூடி விழும். செபீடின் மேலடுக்கில் உள்ள ஹீலியம், அமுங்கிச் சூடேறும்போது ஒளியை உள்ளேயே தடுத்து வைக்கிறது. அழுத்தம் கூடி நட்சத்திரம் விரிகிறது. விரிந்து குளிர்ந்ததும் அடுக்கு வழிவிடுகிறது, ஒளி வெளியேறுகிறது, நட்சத்திரம் மறுபடி சுருங்குகிறது.

சிறிய மெகல்லன் மேகம் என்ற தொலைதூர நட்சத்திரக் கூட்டத்தில் இருந்த 25 செபீடுகளை லீவிட் ஒப்பிட்டார். தூரத்து மலைக்கிராமத்தின் விளக்குகள் எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். அங்கே ஒரு விளக்கு பிரகாசமாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே பெரிய விளக்கு. அதே நியாயப்படி, அதிகப் பிரகாசமான செபீடு மெதுவாகத் துடிக்கிறது என்று 1912-இல் அவர் காட்டினார். அப்புறம் என்ன, துடிப்பை எண்ணினால் உண்மைப் பிரகாசம் தெரியும். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். 1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமீடா என்ற மங்கலான ஒளித்திட்டில் ஒரு செபீடைப் பிடித்தார். அவர் போட்ட கணக்கு 9 லட்சம் ஒளியாண்டு, இன்றைய மதிப்பு 25 லட்சம். கணக்கு குறைந்திருந்தாலும் ஒன்று உறுதியானது: அது நம் மண்டலத்துக்கு வெளியே இருக்கும் இன்னொரு மண்டலம். லீவிட் அதைப் பார்க்கவில்லை. 1921-லேயே இறந்துவிட்டார்.

கீழே இறங்கும் அடிக்கு மான்செஸ்டர் போக வேண்டும். 1909-இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் அவருடைய உதவியாளர் கைகரும் 20 வயது மாணவர் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள் மேல், கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாக வெளிப்படும் நேர்மின்னேற்றமுள்ள ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் தெறிக்கும் ஒளிப்பொட்டுகளைக் கண்ணாலேயே எண்ணினார்கள். பெரும்பாலானவை ஊடுருவிப் போயின. சில ஆயிரத்தில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. மேட்டில் உருட்டிய பந்து எவ்வளவு வேகத்தில் கிளம்பியது என்று தெரிந்தால் எவ்வளவு உயரம் ஏறித் திரும்பும் என்று சொல்லிவிடலாம் இல்லையா? அதுபோல ஆல்ஃபா துகளின் ஆற்றலையும் மின்னேற்றத்தையும் வைத்து, அது எவ்வளவு அருகே போய்த் திரும்பியது என்று ரூதர்ஃபோர்டு கணக்கிட்டார். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு சின்னப் புள்ளியில் இருப்பது 1911-இல் வெளியானது. ஹைட்ரஜன் அணுவை ஒரு கிரிக்கெட் மைதானமாக்கினால், பிட்ச் நடுவே கிடக்கும் கடுகுதான் கரு. எல்லைக்கோடு வரை வேறு எதுவும் இல்லை, ஒரே ஒரு எலக்ட்ரான் தவிர.

நான்காவது அடி இரண்டு பக்கமும் பாதியில் நிற்கிறது. மேலே, நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டு. பால்வெளியைப் போல 9 லட்சம் மடங்கு சொச்சம், அவ்வளவுதான். அதற்கு அப்பாலிருந்து ஒளி வந்து சேர, பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் போதவில்லை.

கீழே குறுக்கே நிற்பது ஆற்றல். எவ்வளவு சிறியதைப் பார்க்க வேண்டுமோ அவ்வளவு வேகமாக மோத வேண்டும். ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையம் அதற்காகத்தான். அங்கே புரோட்டான்களை (ஹைட்ரஜன் அணுவின் கருக்களை) மோதிப் பார்த்தும், அவற்றுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகளின் அளவு பிடிபடவில்லை, புரோட்டானில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்று மட்டும் தெரிகிறது. அந்த வளையத்தில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாக ஓடுகின்றன, கொத்துக்கு 10,000 கோடிக்கு மேல். எதிரெதிர் கொத்துகளை மயிரிழையைவிட மெல்லியதாக அழுத்தி ஒன்றின் ஊடே ஒன்றைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் உண்மையில் மோதிக்கொள்பவை சில பத்து ஜோடிகள். மற்றவை எல்லாம் ஒன்றையொன்று தொடாமலே கடந்து போகின்றன.