மேசியா: சொல்லும் அதன் பின்னுள்ள நம்பிக்கையும்

'பூசு, தடவு' என்று பொருள்படும் மாஷஹ் என்னும் எபிரேய வினையடியிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் மாஷியாக். அது அரமேய மொழியில் மெஷிஹா ஆகி, ஷகர ஒலி இல்லாத கிரேக்கத்தில் மெசியாஸ் என்று எழுதப்பட்டு, தமிழில் சீர்திருத்தத் திருச்சபையாரிடையே மேசியா என்றும் கத்தோலிக்கரிடையே மெசியா என்றும் வழங்குகிறது. நேர்ப்பொருள், 'எண்ணெய் பூசப்பட்டவர்' என்பதே.

அந்த எண்ணெய் எது என்பதை விவிலியத்தின் யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் விவரிக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல் (பழைய எபிரேய நிறையலகு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500 என்று நிறுத்து, ஒலிவ எண்ணெயில் சேர்த்துக் கூட்டிய பரிமளத் தைலம் அது. சாதாரண மனிதர் உடலில் அதை வார்க்கலாகாது. அதே கலவையில் வேறொன்றைச் செய்யவும் கூடாது. ஆரோனின் தலையில் அபிஷேக தைலத்தை வார்த்து மோசே அவனை ஆசாரியனாக்கினார். சவுலைத் தைலக்குப்பியாலும் தாவீதைத் தைலக்கொம்பாலும் சாமுவேல் அரசராக அபிஷேகம் செய்தார். எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் செய்யும்படி எலியாவுக்குக் கட்டளை கிடைத்தது. பாரசீக அரசன் கோரேசை (சைரஸ்)க்கூட ஏசாயா 45:1 இதே சொல்லால் சுட்டுகிறது. ஆகவே முதலில் இது தனியொருவரின் பெயரன்று. கடவுள் ஒரு பணிக்கென்று பிரித்தெடுத்தவரைக் குறிக்கும் சொல். தாவீதின் அரியணை என்றும் நிலைக்கும் என்று 2 சாமுவேல் 7 வாக்களித்திருக்க, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்து அந்த அரியணையையும் கவிழ்த்த பிறகுதான், இனி வரப்போகும் ஒருவரை நோக்கி இச்சொல்லின் பொருள் குவியத் தொடங்கியது.

அவர் நாசரேத்து இயேசுவே என்று கிறிஸ்தவர்கள் நம்புவதற்குப் பல வசனங்களைக் காட்டுவதுண்டு. பெத்லகேமைச் சுட்டும் மீகா 5:2, கழுதையின்மேல் வரும் அரசரைச் சொல்லும் சகரியா 9:9 ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. எனினும் வாதத்தின் முழுப் பாரத்தையும் தாங்குபவை ஏசாயா 53உம் தானியேல் 9உம் என்பதே என் துணிபு. பிறருடைய மீறுதல்களுக்காகக் காயப்பட்டு, வாய் திறவாமல் அடிக்கப்படும் ஆட்டைப்போலக் கொண்டுபோகப்பட்டு, மரித்த பின்னும் தம் ஆத்தும வருத்தத்தின் பலனைக் காணும் ஓர் ஊழியரை ஏசாயா 53 வரைகிறது. சிலுவைக்குப் பிறகு கிறிஸ்தவர்கள் எழுதிச் சேர்த்த பகுதி இது என்று சொல்ல வழியில்லை. 1947இல் சாக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோற்சுருள் இயேசுவுக்கு நூறாண்டுக்கும் முற்பட்டது. அதிலேயே இந்த அதிகாரம் இருக்கிறது.

அந்த ஊழியர் இஸ்ரயேல் மக்களே என்பது யூத அறிஞர் பலரின் விளக்கம். ஏசாயா 41:8 இஸ்ரயேலையே 'என் தாசன்' என்று அழைப்பதால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 53:8இல் அவர் 'என் ஜனத்தின்' மீறுதலுக்காக வதைக்கப்படுகிறார். அங்கே ஊழியர் வேறு, ஜனம் வேறு. மேலும், யூதரின் அரமேய மொழிபெயர்ப்பாகிய யோனத்தான் தர்கூமே 52:13இல் இந்த ஊழியரை மெசியா என்று பெயரிட்டுச் சொல்கிறது.

தானியேல் 9:26, மாஷியாக் சங்கரிக்கப்படுவார் என்றும், பின்னர் நகரமும் பரிசுத்த ஸ்தலமும் அழிக்கப்படும் என்றும் கூறுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட பிரதான ஆசாரியர் மூன்றாம் ஓனியாவை இது குறிக்கிறது என்பாரும் உளர். ஆனால் அக்காலத்தில் ஆலயம் தீட்டுப்படுத்தப்பட்டதேயன்றி அழிக்கப்படவில்லை. அதை அழித்தவர்கள் கி.பி. 70இல் வந்த ரோமர்கள். அதே அதிகாரம் காலக்கணக்காகச் சொல்லும் எழுபது வாரங்களை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் கிறிஸ்தவர்களிடையேயே கருத்து வேறுபாடு உண்டு. நிகழ்வுகளின் வரிசையோ தெளிவானது: முதலில் மெசியாவின் மரணம், அதன்பின் ஆலயத்தின் அழிவு.

மெசியா வந்தால் போர் ஒழிய வேண்டுமே என்று, ஏசாயா 2:4ஐக் காட்டி யூதர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பாடுபடும் ஊழியராக முதல் வருகையும் நீதி செலுத்தும் அரசராக இரண்டாம் வருகையும் என்பதே கிறிஸ்தவர்களின் விடை. முதலாவது நிறைவேறியதைக் கண்டே இரண்டாவதற்குக் காத்திருக்கிறார்கள்.

இயேசுவுக்கு ஆசாரியரோ தீர்க்கதரிசியோ தைலம் வார்த்து அபிஷேகம் செய்ததாகச் சுவிசேஷங்கள் கூறவில்லை. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஏசாயா 61ஐ வாசித்து, ஆண்டவர் தம்மை ஆவியால் அபிஷேகம் செய்தார் என்னும் அவ்வாக்கு அன்றே நிறைவேறியது என்று அவரே அறிவித்தார். தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கும் இது வழிகாட்டும். 'எண்ணெய் பூசப்பட்டவர்' என்பது சடங்கை மட்டுமே காட்டுகிறது. பழைய மொழிபெயர்ப்பின் 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்' வடசொல் கலந்தது. ஆயினும் பட்டாபிஷேகம் என்ற வழக்கால் அரச உரிமையை உடனே உணர்த்திவிடும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஆளும் 'அருள்பொழிவு பெற்றவர்' என்பதில் தைலத்தின் மணம் குறைந்தாலும், ஆவியின் பொழிவு துலங்குகிறது. பொருள் விளக்கத்துக்கு அதுவே ஏற்றது. கிறிஸ்து என்பதும் கிரேக்கத்தில் இதே பொருளுடைய கிறிஸ்தோஸ் என்பதன் தமிழ் வடிவமே ஆதலால், 'இயேசு கிறிஸ்து' என்று சொல்பவர், 'இயேசுவே மெசியா' என்றே அறிக்கையிடுகிறார்.