புற்றுநோய்க்குப் பின் இமை அறுவை: அழகுக்காக அல்ல

“ரிப்போர்ட் நல்லபடியா வந்திடுச்சே டாக்டர், இந்த வயசுல இமை அழகா இருந்து என்ன ஆகப்போகுது?” இப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், கருவிழியில் புண்ணோடு திரும்பி வந்த இன்னொருவரை இந்த வாரமும் பார்த்தேன். இமையில் வந்த புற்றை வெட்டியெடுத்தாயிற்று, அது அவர் கண்ணுக்குள் போகவே இல்லை. பார்வை மங்கியது இமை இல்லாததால்.

அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது? வெட்டியெடுத்த திசுவின் ஓரங்களில் புற்றணு இல்லை, அவ்வளவுதான். இனி இமையைத் திரும்ப உருவாக்கலாம் என்று எங்களுக்குக் கிடைக்கும் அனுமதி அது. சிகிச்சை முடிந்ததற்கான சான்றிதழ் இல்லை. குடும்பத்தார் தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். இமையை உருவாக்குவது அழகு அறுவை அல்ல. இளைஞருக்கும் அல்ல, எண்பது வயதுக்காரருக்கும் அல்ல. கண்ணீரைக் கருவிழி மேல் பரப்புவதும், தூக்கத்தில் அதை மூடி வைப்பதும் இமைதான். மூடாத கருவிழி காய்ந்து புண்ணாகும், கிருமி சேரும், தழும்பு விழும். சொட்டு மருந்தும் களிம்பும் இடைக்காலத்துக்குத்தான். இமை செய்யும் வேலையை அவை செய்யாது.

இழப்பு இமை அகலத்தில் கால் பங்குக்குள் என்றால் பெரும்பாலும் நேராகச் சேர்த்தே தைத்துவிடலாம். வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்திருப்பதால் இன்னும் சற்று அதிகம் போனாலும் சமாளிக்கலாம். கீழ் இமை பெரும்பகுதி போய்விட்டால், மேல் இமையின் உள்பக்கத்திலிருந்து ஒரு பகுதியைக் கீழே இறக்கித் தைத்து, அதன்மேல் தோல் ஒட்டு வைப்போம். 1937-ல் ஹியூஸ் என்ற கண் மருத்துவர் விவரித்த முறை, இன்றும் கைகொடுக்கிறது. இறக்கிய பகுதிக்கு மேல் இமையிலிருந்துதான் ரத்தம் வர வேண்டும். அதனால் சில வாரம் கண் மூடியே இருக்கும். கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று அப்போது பயப்பட வேண்டாம். இரண்டு இமைகளையும் பிரிப்பதற்கு ஒரு தேதி கொடுப்போம், அதற்கு முன்னால் எங்கேயும் போய்ப் பிரித்துவிடாதீர்கள். ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது. ஆகவே வண்டி ஓட்டாதீர்கள், படியில் கவனம்.

புகை பிடிப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய திசு கருகிப்போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒட்டுத் தோலை எப்போது நீவலாம் என்று நாங்கள் சொல்லும்வரை கை வைக்க வேண்டாம். புது இமையில் பெரும்பாலும் முடி வளராது, அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தையல் பிரித்ததும் காணாமல் போகாதீர்கள். கட்டி திரும்புகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

அப்புறம், கண்கட்டி என்று நினைத்துக் காலம் கடத்துபவர்களுக்கு. ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ, மறுபடியும் வெறுமனே கீறிவிட்டுப் போகாதீர்கள். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று இப்படித்தான் சாதுவாக வேஷம் போடும். எடுத்த திசுவில் புற்றணு இருக்கிறதா என்று பார்க்க பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.