ஒரு சாண் ஆழம், ஆயிரத்து ஐந்நூறு டன் சரக்கு

கொற்கையில் இன்று கடல் இல்லை. முத்துக்குப் பேர்போன அந்தப் பாண்டியர் துறைமுகத்தைத் தாமிரபரணி தன் வண்டலாலேயே மூடிவிட்டது. கரை கிழக்கே நகர நகர வணிகம் காயல் துறைமுகத்துக்குப் போனது, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. ஆற்று முகத்துவாரம் படகுகளுக்கு நல்ல ஒதுக்கிடம். பெரிய கப்பலுக்கு அது சரிவராது. வெள்ளக் காலம் ஒவ்வொன்றும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். போதாததற்கு, நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு குறைவு. கடலில் 12 மீட்டர் அமிழும் கப்பல் ஆற்று நீருக்குள் வந்தால் இன்னும் 30 சென்டிமீட்டர் இறங்கும்.

தூத்துக்குடியின் பழைய துறைமுகமும் ஆழம் குறைந்ததுதான். பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைத் தோணிகள் ஏற்றி இறக்கின. ஒரே மூட்டையை இரண்டு முறை தூக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அந்த வேலையும் நின்றுபோகும். 1974 ஜூலை 11-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் புதிய துறைமுகம் இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகவே கடலுக்குள் கட்டப்பட்டது.

ஆழத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? 225 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் உள்ள நிலக்கரிக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் அதன் பரப்பு சுமார் 6,300 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 63 கன மீட்டர் கடல்நீர் விலகும். அதாவது ஏறத்தாழ 65 டன் சரக்கைக் கூட ஏற்றலாம். ஒரு சாண் ஆழத்துக்குச் சுமார் 1,500 டன். ஒரு மீட்டருக்கு 6,500 டன், 25 டன் லாரிகளில் 260 நடை. ஆழம் போதாத துறைமுகத்துக்கு வரும் கப்பல் பாதி வயிற்றோடுதான் வரவேண்டும். ஆனால் அதன் வாடகை குறைவதில்லை, எண்ணெய்ச் செலவும் பெரிதாகக் குறைவதில்லை. அந்த வித்தியாசத்தை மின்கட்டணத்திலும் உர விலையிலும் நாம்தான் கொடுக்கிறோம்.

பாவ்நகர் போன்ற இடங்களில் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஓதம் ஏறும்வரை காத்திருந்து கப்பலை உள்ளே கொண்டுவரலாம். மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே ஆழம் வேண்டுமென்றால் தோண்டித்தான் ஆகவேண்டும்.

தோண்டிய ஆழம் முழுவதும் சரக்குக்குப் பயன்படாது. ஓடும் கப்பலின் அடியில் நீர் வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, கப்பல் மேலும் கீழே இறங்கும். இந்த இறக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒடுங்கிய கால்வாயில் மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் போனால், நாம் எடுத்துக்கொண்ட கப்பல் ஒரு மீட்டர்வரை இறங்கும்; 5 கடல்மைலாகக் குறைத்தால் 40 சென்டிமீட்டரோடு நிற்கும். அதற்காக மிகவும் மெதுவாகவும் போகமுடியாது. சுக்கானுக்குப் பிடி இருக்காது, பக்கக் காற்று கப்பலைத் தள்ளிவிடும். துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டின் தேர்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவே கப்பலை நடத்துவதில் இருக்கிறது. வல்லத்தில் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: இவ்வளவு சுமையோடு ஓடும் கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. கால்வாய் ஓரம் வலை போட்டால் வலை மட்டுமல்ல, உயிரும் போகலாம்.

தோண்டிய பள்ளத்தில் அலை அடங்கினால்தான் கப்பலைக் கட்டமுடியும். அதற்காகத் தலா 4 கிலோமீட்டர் அளவுக்கு இரண்டு கல்சுவர்கள், 1,275 மீட்டர் இடைவெளி விட்டுக் கடலுக்குள் நீள்கின்றன. இவை வழவழப்பான சுவர்கள் அல்ல. உள்ளே சிறு கற்கள், அதன்மேல் நடுத்தரக் கற்கள், வெளியே பல டன் எடையுள்ள பெரும்பாறைகள். அலை பாறை இடுக்குகளில் புகுந்து உடைந்து தன் வலுவை இழக்கும். பாறையின் எடையைக் கணக்கிடுவதில் கஞ்சத்தனம் கூடாது: அலை உயரம் இரண்டு மடங்கானால் வேண்டிய எடை எட்டு மடங்கு. பெரும்பாலும் முதலில் கெடுவது உச்சி அல்ல, பாதம். அடிமணல் அரித்துப் பாதக்கல் நழுவினால் மேலே உள்ள கற்கள் ஒவ்வொன்றாகச் சரியும்.

தெற்குக் கரை ஊர்களில் மக்கள் கேட்டுப் போராடும் தூண்டில் வளைவுக்கும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்) இதே இயற்பியல்தான். கரையோரம் நகரும் மணலை ஒரு பக்கம் தடுத்தால் அங்கே கரை வளரும். மணல் வராத மறுபக்கம் கடல் கரையைத் தின்னும். ஒரு ஊருக்குக் கட்டும்போது அடுத்த ஊரையும் சேர்த்து அளக்காவிட்டால் அரிப்பு இடம் மாறுமே தவிர நிற்காது.

நிலக்கரியைப் பற்றியும் சொல்லவேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்று முழுவீச்சில் ஓடினால், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 3,500 டன் வேண்டும். ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பல் என்று அது வருகிறது. மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது தூசி கடல்பக்கம் போய்விடும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் திரும்பினால் ஊருக்கும் உப்பளத்துக்கும் வரும். வெள்ளை உப்பில் விழும் கரித்தூளைப் பிரிப்பது எளிதல்ல. எனவே, மூடிய கன்வேயர், குவியலின்மேல் நீர்த்தெளிப்பு, சரக்கைத் தாழ்வான உயரத்திலிருந்து கொட்டுவது ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

ஆழத்துக்கான பெரிய விலையைக் கொடுப்பது பவளப்பாறை. துறைமுகத்துக்கு வடக்கே வான்தீவில் தொடங்கி ராமேஸ்வரம் வரை நீளும் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் விலாங்குச்சல்லி உட்பட இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பல காலம் பவளக்கல்லை வெட்டியெடுத்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தூர்வாரும்போது எழும் மணல் பத்து மீட்டர் ஆழத்தைச் சில நிமிடங்களில் தொட்டுவிடும். நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகளுக்கு அதே தூரம் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். விநாடிக்கு 10 சென்டிமீட்டர் நீரோட்டம் ஒரே திசையில் இருந்தால் அதற்குள் அது எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போய்விடும். பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். வண்டல் படிந்தால் பவளம் பட்டினி கிடக்கும்.

இந்த வண்டலில் பெரும்பகுதி கடலடியைத் தோண்டும் முனையில் எழுவதில்லை. மண் அள்ளும் கப்பலின் தொட்டி நிரம்பியபின் மேல்நீரை வழியவிடும்போதுதான் மிக நுண்ணிய துகள்கள் வெளியேறுகின்றன. வழியவிடாமல் பாதித் தொட்டியோடு போகச் சொன்னால் நடைகள் கூடும், செலவும் கூடும். அதனால் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள். தீவுகளை நோக்கி நீரோட்டம் இருக்கும் மணிநேரங்களில் வழியவிடத் தடை, மற்ற நேரங்களில் மேல்நீரைக் காற்றுக்குமிழி கலக்காமல் கப்பலின் அடிப்பக்கமாக வெளியேற்றும் வால்வு, பவளத்தருகே கலங்கலை அளக்கும் கருவி, அளவு தாண்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஓர் ஆள். இந்த நான்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும் தாளிலேயே இருக்கவேண்டும். கப்பல் வந்து தோண்டத் தொடங்கியபின் சேர்க்கமுடியாது.