சிவப்பு நீலத்தைத் தொடக்கூடாது

பிரிட்டன் கொடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நீலத் தரையின் நடுவே பெரிய சிவப்புச் சிலுவை. அதைச் சுற்றி, வேட்டிக்குக் கரை போட்டதுபோல, ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. குறுக்காகச் சாய்ந்து செல்லும் சிவப்புப் பட்டைகளும் எந்த இடத்திலும் நீலத்தை நேராகத் தொடுவதில்லை. அழகுக்காகச் செய்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கரை ஒரு பழைய விதிக்குக் கட்டுப்பட்டு வந்தது. அந்த விதியின் வேர் நம் விழித்திரையில் இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்டு போருக்குப் போன வீரனை முகத்தை வைத்து அடையாளம் காண வழியில்லை. கேடயத்தில் தீட்டிய சின்னமே அவன் முகம். இந்தச் சின்னங்களைப் பதிந்து காத்த அரண்மனைக் கட்டியக்காரர்கள் நிறங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகம் வரக்கூடாது. வண்ணத்தின்மேல் வண்ணம் வரக்கூடாது. விதி அவ்வளவுதான்.

பிரிட்டன் அரச கேடயம் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்துக்குச் சிவப்புத் தரையில் மூன்று பொன் சிங்கங்கள். ஸ்காட்லாந்துக்குப் பொன் தரையில் ஒரு சிவப்புச் சிங்கம். அயர்லாந்துக்கு நீலத் தரையில் பொன் யாழ். 1340-இல் மூன்றாம் எட்வர்ட் பிரான்சின் அரியணைக்கு உரிமை கோரிச் சேர்த்து, 1801-இல் நீக்கப்பட்ட பிரெஞ்சு அல்லி மலர்களும் நீலத்தின்மேல் பொன்தான். ஆனால் இங்கிலாந்துச் சிங்கங்களின் நாக்கையும் நகங்களையும் கவனியுங்கள். அவை நீலம், அதுவும் சிவப்புத் தரையில். சின்னஞ்சிறு உறுப்புகளுக்கு விதி தளர்வு தருகிறது. எட்ட நின்று பார்ப்பவன் சிங்கத்தைத் தெரிந்துகொண்டால் போதும், அதன் நகத்தை எண்ண வேண்டியதில்லை. இது கண்ணுக்காக எழுந்த விதி என்பதற்கு எனக்கு இதைவிட வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

நம் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. எது வெளிச்சம், எது இருட்டு என்ற கணக்கைப் பெரும்பாலும் நெட்டலை, நடுத்தர அலை ஒளிக்கு இசையும் இரண்டு வகைகளே போடுகின்றன. மஞ்சள் இந்த இரண்டையுமே தூண்டுகிறது. அதனால் வெள்ளைக்கு அடுத்தபடியாகப் பளிச்சிடுகிறது. நீலம் இவற்றைச் சற்றே தொட்டுச் செல்கிறது, அதனால் மங்குகிறது. நீலத்தை உணரும் மூன்றாம் வகை செல்கள் மொத்தக் கூம்புகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நாம் கூர்ந்து நோக்கும்போது பயன்படும் விழித்திரை நடுக்குழியின் மத்தியில் அவை அறவே இல்லை. ஆகவே ஒரு கொடி விலகிப்போய்ப் புள்ளியாகச் சிறுக்கும்போது மஞ்சள் வெள்ளையோடு கலக்கிறது, நீலம் கறுப்போடு கலக்கிறது. மஞ்சளையும் வெள்ளையையும் ஒரு கூட்டத்திலும் நீலத்தையும் கறுப்பையும் மற்றொரு கூட்டத்திலும் கட்டியக்காரர்கள் சேர்த்தது எவ்வளவு துல்லியம்! கூம்பு செல் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்த அறிவுக்குக் கடுமையான தேர்வு வைத்த இடம் கடல்.

நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இது ஒன்றரை மீட்டருக்குச் சமம். இரண்டு மீட்டர் கொடி அங்கே வெறும் புள்ளி. இருபது மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி இருந்தால் அதே கொடி 250 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் தளம் ஆடும், புகை மறைக்கும். காற்று நின்றால் கொடி துவண்டு தொங்கும். பார்ப்பவனை நோக்கியே காற்று வீசினால் கொடியின் விளிம்பு மட்டும் தெரியும். இத்தனைக்கும் நடுவே ஒரு தளபதி இருபது முப்பது கப்பல்களோடு பேசியாக வேண்டும்.

ஹோம் போபம் என்ற கடற்படை அதிகாரி 1800-இல் வெளியிட்ட சொற்பட்டியல் இதற்கு ஒரு வழி திறந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண் கொடிகள். அகரவரிசையில் அடுக்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண். ஒரே கயிற்றில் மேலிருந்து கீழாக மூன்று கொடிகள் ஏறினால் ஒரு சொல். ஒரே எண் இருமுறை வந்தால் இரண்டாவது கொடிக்குப் பதில் ‘மேலே உள்ளதே மீண்டும்’ என்று பொருள்படும் மாற்றுக்கொடி ஏறும். இதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பல கொடிகளைச் சுமக்க வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்ப வேண்டும்.

1805 அக்டோபர் 21, ஸ்பெயின் கரையில் உள்ள டிரஃபால்கர் முனைக்கு அப்பால், நண்பகலை நெருங்கும் நேரம். பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு மோதப் போகும் பிரிட்டன் படையின் தளபதி, விக்டரி கப்பலில் இருந்த நெல்சன், ஒவ்வொருவனும் தன் கடமையைச் செய்வான் என்று இங்கிலாந்து நம்புகிறது என்ற செய்தியை ஏற்றச் சொன்னார். சைகை அதிகாரி ஜான் பாஸ்கோ ஒரு திருத்தம் கேட்டார். நெல்சன் சொன்ன ‘நம்புகிறது’ என்ற ஆங்கிலச் சொல் பட்டியலில் இல்லை. எட்டு எழுத்துகளையும் தனித்தனியே ஏற்ற வேண்டும். ‘எதிர்பார்க்கிறது’ என்றால் 269, ஒரே ஏற்றம். நெல்சன் உடனே இசைந்தார். சரித்திரத்தில் நிலைத்துவிட்ட அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைத் தேர்ந்தது சொற்பட்டியல்தான்.

253, 269, 863, 261, 471, 958, 220, 370 என எட்டுச் சொற்கள் ஏறின. இதில் ‘செய்’ என்பதற்கான 220-க்குத்தான் மாற்றுக்கொடி தேவைப்பட்டது. ‘கடமை’ பட்டியலில் இல்லை! அதன் நான்கு எழுத்துகளும் 4, 21, 19, 24 என்று ஏறின. கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டு ஏற்றங்கள், 31 கொடிகள். போர் வரிசைக்கு வெளியே நின்ற ஃபிரிகேட் எனும் சிறிய, விரைவான போர்க்கப்பல்கள் கொடிமரக் காடு மறைக்காத இடத்திலிருந்து சைகைகளை வாங்கித் திருப்பி ஏற்றின. அடுத்து, போபமின் பட்டியலிலிருந்து அல்லாமல், கடற்படையின் வழக்கமான சைகை நூலிலிருந்து 16-ஆம் எண் ஏறியது: எதிரியை இன்னும் நெருங்கிப் போரிடு. குண்டடி பட்டு அறுந்து விழும்வரை அது பறந்தது.

சைகை நூல் எதிரி கையில் சிக்கினால் எல்லாம் பாழ். அதனால் மூழ்கட்டும் என்று அதற்கு ஈயம் சேர்த்துக் கட்டினார்கள். ஆனாலும் 1803-இல் ஒரு பிரதி பிரெஞ்சுக்காரர்களிடம் அகப்பட்டது. கடற்படை உடனே எண்களுக்குரிய கொடிகளை மாற்றியது. இந்த மாற்றம் பின்னாளில் மறந்துபோய், 1885-க்கும் 1908-க்கும் இடையே வந்த புத்தகங்கள் நெல்சனின் செய்தியைத் தவறான கொடிகளோடு அச்சிட்டன.

போர்க்கப்பல்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது வணிகக் கப்பல்களுக்கு ஏற்ற பொதுவான கொடிமொழி இல்லை. 1817-இல் அதைத் தொகுத்தவர் ஃபிரெடெரிக் மாரியட். சிறுவயதில் தாமஸ் காக்ரேன் என்ற துணிச்சல்மிக்க கப்பல் தலைவரின்கீழ் பணிபுரிந்தவர். பின்னாளில் அந்த அனுபவங்களைக் கொண்டு கடல் சாகச நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றார். கொடிமரத்தில் தொற்றிக்கொண்டு தொலைநோக்கியில் கொடிகளை வாசிக்கும் இளைஞன் கடல் கதைகளில் அடிக்கடி வருவான். அந்தக் காட்சியைக் கதையாகவும் கருவியாகவும் தந்தவர் என்பதால் மாரியட்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இன்றைய பன்னாட்டுக் கப்பல் கொடிகளில் 26 ஆங்கில எழுத்துகளுக்கும் சேர்த்து ஐந்தே நிறங்கள்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. பெரும்பாலானவை கட்டியக்காரர்களின் விதிக்குள் அடங்குகின்றன. ஐந்தாம் எழுத்தான ‘இ’ மீறுகிறது. மேலே நீலம், கீழே சிவப்பு, இடையில் எதுவும் இல்லை. ‘டபிள்யூ’வைப் பாருங்கள். வெளியே நீலக் கட்டம், உள்ளே சிவப்புச் சதுரம், இரண்டுக்கும் நடுவில் அதே வெள்ளைக் கரை.