இம்யூனிட்டி: பாதுகாப்பு அல்ல, விலக்குரிமை

இம்யூனிட்டி என்ற சொல் நம்மில் பலர் வீட்டுக்குள் கபசுரக் குடிநீரோடு வந்தது. அங்கே அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி என்று பொருள். ஆனால் மருத்துவம் இந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தனக்கென எடுத்துக்கொண்டது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அது சட்டத்தின் சொல்லாகவே இருந்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப் தன்மீதான வழக்கில் கேட்ட இம்யூனிட்டியும் அந்தச் சட்டச் சொல்தான். அதைத் தமிழில் எப்படி எழுதுவது?

லத்தீனில் 'முனுஸ்' என்றால் கடமை, பொதுச்சுமை. நகராட்சியைக் குறிக்கும் முனிசிபாலிட்டியும் இந்த வேரில் பிறந்ததே. அந்தச் சுமை இல்லாதவர் 'இம்முனிஸ்'. ரோமானியப் படையில் கொல்லர், நில அளவையாளர் போன்ற தொழில் தெரிந்தவர்களை அகழி வெட்டும் வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர்களுக்கு 'இம்முனேஸ்' என்றே பெயர்.

இதே அமைப்பில் நம்மிடம் ஒரு சொல் உண்டு: இறையிலி. இறை என்றால் வரி, வரி இல்லாதது இறையிலி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றை இறையிலி என்று கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்குத்தான் வரி கணக்கிட்டிருக்கிறார்கள். நிலக்கொடைச் செப்பேடுகளோ எல்லையைத் திசை வாரியாகச் சொல்லி, 'உடும்போடி ஆமை தவழ்ந்த' இடம் எல்லாம் என்று எழுதும். யார் கொடுத்தது, எது வரைக்கும் என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கும்.

டிரம்ப் வழக்கின் வாதங்களை எடைபோட எனக்கு உதவியது இந்தச் செப்பேட்டுப் பார்வைதான். 2020 தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக அவர்மீது 2023 ஆகஸ்டில் நான்கு குற்றச்சாட்டுகள் பதிவாயின. அதிபராக இருந்தபோது செய்தவற்றுக்காகத் தன்மீது வழக்கே தொடுக்க முடியாது என்றார் அவர். சரி, அந்த விலக்கு எங்கே எழுதியிருக்கிறது? அமெரிக்க அரசியல் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினரின் அவைப் பேச்சுக்கு வெளிப்படையாகவே விலக்குத் தருகிறது. அதிபருக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

டிரம்ப் தரப்பு வேறொரு வரியைக் காட்டியது. பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி என முடிவானவர் மீது அப்புறமும் வழக்கு நடத்தலாம் என்பது அந்த வரி. அப்படியென்றால், அந்த விசாரணையை நடத்தும் மேலவையான செனட்டில் தப்பியவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்று அவர்கள் பொருள் கொண்டார்கள். எனக்கு இது நிற்காத வாதம். மழையில் நனைந்தவரும் குளிக்கலாம் என்றால், நனையாதவர் குளிக்கக் கூடாது என்று ஆகிவிடுமா? 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிபதி புளோரன்ஸ் பான் நேராகவே கேட்டார்: அரசியல் எதிரியைக் கொல்லும்படி கடற்படையின் சிறப்புப் படைக்கு உத்தரவிட்ட அதிபர் மீது வழக்கு உண்டா? முதலில் பதவிநீக்க விசாரணையில் அவர் குற்றவாளி என முடிவாக வேண்டும் என்றார் வழக்கறிஞர் ஜான் சாவர். இந்த வாதத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

வலுவான வாதம் வேறு. பதவி முடிந்ததும் ஜெயிலா என்ற பயத்தோடு ஒருவர் எப்படித் துணிந்து முடிவெடுப்பார்? இதற்குத் துணையாக நின்றது, முன்னாள் அதிபர் நிக்சனுக்கு அவருடைய அலுவல் செயல்கள் பற்றிய வழக்கிலிருந்து விலக்குத் தந்த 1982 தீர்ப்பு. ஆனால் அது நஷ்டஈடு கேட்ட சிவில் வழக்கு. நஷ்டஈடு கேட்டு யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போகலாம். கிரிமினல் வழக்கு அரசு தொடுப்பது, அது தாண்டி வர வேண்டிய வாசல்கள் அதிகம். சிவில் தீர்ப்பைக் கிரிமினல் வழக்குக்குப் பொருத்தியது சரியில்லை என்பதே என் எண்ணம். அதோடு, 1974இல் நிக்சனுக்கு, அடுத்து அதிபரான ஃபோர்டு மன்னிப்பு வழங்கினார், நிக்சனும் ஏற்றுக்கொண்டார். வழக்கே வராது என்றால் மன்னிப்பு எதற்கு?

2024 ஜூலை 1 அன்று, 6-3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றமே எல்லை வரைந்தது. அரசியல் சட்டம் அதிபருக்கு மட்டுமே தந்த அதிகாரங்களுக்கு முழு விலக்கு. மற்ற அலுவல் செயல்களுக்கு விலக்கு உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும், அரசுத் தரப்பு அதை முறியடிக்கலாம். சொந்தச் செயல்களுக்கு விலக்கே இல்லை.

இதைத் தமிழில் என்ன சொல்வது? 'சட்டப் பாதுகாப்பு' வேண்டாம். சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு, இதுவோ ஒருவருக்கு மட்டும். 'காப்புரிமை' என்றால் புத்தக உரிமை நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் புழங்கும் 'விடுபாட்டுரிமை' நல்ல சொல்தான், ஆனால் தமிழ்நாட்டு வாசகர் அதை விடுதலையோடு குழப்பிக்கொள்ளலாம். என் தேர்வு 'விலக்குரிமை'. விலக்கு என்றதுமே எதிலிருந்து, எது வரை என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

ஒன்றைக் கவனித்து எழுத வேண்டும். விலக்குரிமை பெற்றவர் நிரபராதி என்று ஆகிவிடாது. 2024 நவம்பர் 25 அன்று இந்த வழக்கு தள்ளுபடியானதும் இந்தத் தீர்ப்பால் அல்ல. டிரம்ப் மறுபடி தேர்தலில் வென்றிருந்தார், பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்பது அமெரிக்க நீதித் துறையின் கொள்கை. அதனால் அரசுத் தரப்பே கேட்டு முடித்துக்கொண்டது. மறுபடி தொடுக்க அந்த உத்தரவு தடை போடவில்லை. அதை 'விடுதலை' என்று எழுதினால் தப்பு, 'தள்ளுபடி' என்பதுதான் சரி.