அரைநாள் வேலை பார்ப்பவர் வேலையில்லா உதவித்தொகை வாங்கலாமா?

தீபாவளிக் கூட்டத்துக்காக மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சாயங்காலம் மட்டும் நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அண்ணே, பி.காம். முடிச்சு எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு ஆறு வருஷமாச்சு. மாசம் அறுநூறு தர்றாங்களாமே, எழுதிப் போடவா? நான் பாக்குறது அரைநாள் வேலைதானே."

அரைநாளோ முழுநாளோ, சம்பளம் வந்தால் அது வேலைதான். தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு மனுப்போடுகிறவர் அரசிலோ தனியாரிடமோ சம்பளம் வாங்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. 'பாதி நேரம் என்றால் பாதித் தொகை' என்றெல்லாம் இதில் கிடையாது. வீட்டில் டியூஷன் எடுப்பதும் துணி தைத்துக் கொடுப்பதும்கூட சுயதொழில்தான். மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிக்குக் கூலிக்கு மல்லிகை கட்டிக் கொடுப்பவர், மனுப்போடும் முன் கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, தொகை எவ்வளவு? பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். மூன்று வருஷத்தோடு முடிந்துவிடும். பட்டதாரிக்கே மொத்தம் 21,600 ரூபாய்தான். இதற்காக ஓடிக்கொண்டிருக்கும் வேலையை யாரும் விட வேண்டாம். கடையில் ஒரு மாதம் நின்றாலே அந்த அறுநூறைவிடப் பல மடங்கு வரும்.

பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். வயது 40க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவருக்கும் இல்லை, அஞ்சல் வழியில் படித்தால் தடையில்லை.

பலர் கவனிக்காதது வருமான வரம்பு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதக் கணக்கில் 6,000 ரூபாய். குடும்பம் என்றால் எல்லோரும் சேர்த்துத்தான். அப்பா ஆட்டோ ஓட்டி, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தால் அங்கேயே வரம்பு தாண்டிவிடும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னதும், "அப்ப எங்க வீட்டுல யாருமே வேலைக்குப் போகக் கூடாதாண்ணே?" என்று சிரித்தாள். நியாயமான கேள்விதான். இந்த வருமானத்துக்கு வருவாய்த் துறையின் சான்று வேறு வாங்க வேண்டும்.

"யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் சொல்வார்கள். மனுப்போடும்போது ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் தீர்கிற விஷயமில்லை இது. எங்கும் வேலையில் இல்லை என்று வருஷா வருஷம் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும், அடியில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. அறுநூறு ரூபாய்க்கு அது எதற்கு என்பது என் கட்சி.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கணக்கே வேறு. பதிந்து ஒரு வருஷம் ஆனால் போதும். வருமான வரம்பும் வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய் என்று பத்து வருஷம் கிடைக்கும். வேலையில் இருக்கக் கூடாது என்பது மட்டும் அவர்களுக்கும் உண்டு.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: இப்போது போடாதே. சீசன் முடிந்து கடையில் நிறுத்திவிட்டால், வீட்டு வருமானமும் வரம்புக்குள் இருந்தால், அப்போது போடு. வயது இருக்கிறது, அவசரமில்லை. பணம் வரும் காலத்தில் மறுபடி வேலை கிடைத்தால் அலுவலகத்தில் சொல்லி நிறுத்திக்கொள்.

அப்புறம், பதிவு அட்டையை எடுத்துப் புதுப்பிக்கும் மாதத்தைப் பார்க்கச் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இணையத்திலேயே முடித்துவிடலாம். அவளுக்கு அடுத்த மாதம் கெடு.