சுண்ணாம்பில் வெந்த சோளம், பேரிக்காயில் ஊறிய கறி

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன கொரிய டாக்கோ கடைக்குப் போனால், மெனுவைப் படிப்பதற்கு முன்பே வாசனை வந்து பிடித்துக்கொள்ளும். பூண்டும் சோயா சாஸும் சர்க்கரையும் சூடான இரும்பில் கருகலாமா வேண்டாமா என்று நிற்கும் அந்தக் கட்டத்து வாசனை. டாக்கோ என்பது மெல்லிய சோள ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தரும் மெக்சிகோ சாப்பாடு, கொரிய டாக்கோவில் அந்தக் கறி கொரியப் பக்குவத்தில் ஊறியது. நம் ஊர் பரோட்டாக் கடைக் கல் மாதிரிதான் அங்கேயும், நீளமான தட்டைக் கல். போன முறை வரிசையில் எனக்குக் கல்லுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சமைக்கிறவர் ஊறிய கறியை இடுக்கியால் அள்ளி, பாத்திர விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, சொட்டுகிற சாறு எல்லாம் இறங்கின பிறகுதான் கல்லில் பரப்பினார். எத்தனை கூட்டம் நின்றாலும் அந்த இரண்டு தட்டை அவர் விடவில்லை. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன்.

கொரிய டாக்கோவை ஊர் முழுக்கப் பேச வைத்தது கோகி என்ற டிரக். கொரிய மொழியில் கோகி என்றால் இறைச்சி. 2008 நவம்பரில் மார்க் மங்கெரா, கரோலின் ஷின், சமையல் வல்லுநர் ராய் சோய் ஆகியோர் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் அதை ஓட்டத் தொடங்கினார்கள். இன்றிரவு வண்டி எங்கே நிற்கும் என்று ட்விட்டரில் போடுவார்கள், ஜனம் அங்கே போய் வரிசை கட்டும். கொரியர்களும் மெக்சிகோக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஊர் அது, அதனால் இப்படி ஒரு சாப்பாடு அங்கே பிறந்ததில் ஆச்சரியம் எதுவும் கிடையாது. எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். இரண்டு சமையலையும் பிரித்துப் பார்த்தால், ஒன்றில் எது குறைகிறதோ அது மற்றதில் தயாராக இருக்கிறது.

கறியில் ஆரம்பிக்கலாம். கறி பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகும்போது நடப்பதற்கு மயார் வினை என்று பெயர். லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இதைப் பற்றி எழுதினார். புரதத்தின் சிறு துண்டுகளான அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களாக மாறுகின்றன. இது மளமளவென்று நடக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். கல் 200 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தாலும், கறியின் மேல் தண்ணீர் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். சாற்றோடு அள்ளிப் போட்டால் கறி வேகும், வறுபடாது. பாத்திர விளிம்பில் தட்டிய அந்த இரண்டு தட்டு இதற்குத்தான்.

கொரியர்கள் சுடுகிற புல்கோகி (மெல்லிய மாட்டுக்கறி), கல்பி (விலா எலும்புக் கறி) இரண்டின் ஊறலும் இந்த வினைக்கென்றே செய்தது போல இருக்கிறது. சோயா சாஸ் என்பது மாதக்கணக்கில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சோயா புரதத்தை உடைத்துப் போட்ட திரவம், அதில் அமினோ அமிலங்களுக்குப் பஞ்சமே இல்லை. நாம் காப்பியில் போடும் சர்க்கரை நேரடியாக மயார் வினையில் சேராது, முதலில் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைய வேண்டும். ஊறலில் அரைத்துச் சேர்க்கும் கொரியப் பேரிக்காயிலோ அந்த இரண்டும் உடைந்த நிலையிலேயே இருக்கின்றன. அதனால்தான் அத்தனை மெல்லிய கறி இரண்டு மூன்று நிமிடத்தில் அப்படிப் பழுப்பாகி வருகிறது.

மெல்லிய கறிக்கு ஒரு சிக்கல் உண்டு. விலா எலும்புக் கறியில் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் அதிகம், அது கரைந்து மெத்தென்று ஆக மணிக்கணக்கில் வேக வேண்டும். மூன்று நிமிடத்தில் அது நடக்காது. எனவே வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எலும்புக்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டுவது ஒன்று, அப்படி வெட்டினால் தசை நார்கள் நீளமாக இல்லாமல் துண்டு துண்டாகிவிடும், பல்லுக்கு வேலை குறையும். இந்த வெட்டுக்கு கொரியாவிலேயே எல்.ஏ. கல்பி என்றுதான் பெயர். இன்னொன்று நொதி. பேரிக்காயில் புரதத்தை வெட்டும் நொதி கொஞ்சம் இருக்கிறது, சிலர் சேர்க்கும் கிவிப் பழத்தில் நிறையவே இருக்கிறது. ஆட்டுக்கறி வேகவில்லையென்றால் நம் வீடுகளில் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலை. நொதி கறிக்குள் ஆழமாக இறங்காது, மேலாகத்தான் வேலை செய்யும். கறி மெல்லியதாக இருப்பது இங்கேயும் உதவுகிறது.

சரி, ருசி? சோயா சாஸில் குளூட்டமேட் இருக்கிறது. 1908-இல் கிகுனாயே இகேடா என்ற ஜப்பானியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது இதைத்தான், உப்பு, இனிப்பு போலத் தனியாகத் தெரிகிற இதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மாட்டுக்கறியில் இனோசினேட் என்று இன்னொரு பொருள் இருக்கிறது. நாக்கில் இந்த ருசியை உணரும் ஏற்பி ஒரு வாய் போலத் திறந்து மூடும், குளூட்டமேட் உள்ளே போனால் மூடிக்கொள்ளும், இனோசினேட் வந்து அந்த வாயைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேரும்போது தனித்தனி ருசிகளின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு தெரிவது இதனால்தான்.

உப்பு, இனிப்பு, கொழுப்பு, உமாமி என்று இவ்வளவு சத்தம் போடுகிற கறிக்கு அடியில் அமைதியான ஒன்று வேண்டும். எனக்கு இந்தச் சாப்பாட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி டார்ட்டியா என்கிற அந்தச் சோள ரொட்டிதான். மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள், தட்டும்போதே ஓரம் வெடிக்கும், மடித்தால் உடையும். கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இதில் கிடையாது. மூவாயிரம் வருடங்களுக்கும் மேலாக மெக்சிகோ பக்கத்து மக்கள் இதற்குச் செய்துவரும் வைத்தியம் சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்குப் பத்து கிராம் அளவு சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளத்தை அதில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். காலையில் விரலால் தேய்த்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும், ஏனென்றால் தோலைப் பிடித்திருந்த ஹெமிசெல்லுலோஸ் காரத்தில் கரைந்து பசையாகிவிட்டது. மாவுச்சத்தும் பாதி வெந்து நெகிழ்ந்திருக்கும், கால்சியம் போய் இழைகளுக்கு நடுவில் கட்டுப் போடும். அதைக் கழுவி அரைத்தால் கிடைப்பது மாசா என்கிற மாவு, சப்பாத்தி மாவு போலத் தட்ட வரும். சுண்ணாம்பு போட்ட டார்ட்டியாவுக்கென்று இருக்கும் அந்தத் தனி மணமும் இந்தக் காரத்தில்தான் பிறக்கிறது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உண்டு, ஆனால் நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பு வைக்கும் முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. பெலாக்ரா என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அதே கதை. இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறைபாடு என்று ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் போராடி நிரூபித்தார், நியாசின்தான் மருந்து என்பது 1937-க்குப் பிறகு தெளிவானது. மெக்சிகோவில் ஒரு பாட்டி தினமும் இரவில் அடுப்பங்கரையில் செய்த வேலை தெரியாமல் போனதால் அத்தனை பேர் செத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

கடையில் டார்ட்டியாவை மறுபடி கல்லில் போட்டுச் சூடு காட்டுவார்கள். ஆறிய இடியாப்பம் விறைத்துப் போகுமே, அதுபோல ஆறிய டார்ட்டியாவிலும் மாவுச்சத்து இழைகள் மீண்டும் வரிசை கட்டி இறுகிவிடும். சூடும் கொஞ்சம் ஈரமும் பட்டால் அவிழ்ந்துகொள்ளும். கறி வறுத்த அதே இடத்தில், அதன் கொழுப்பிலேயே புரட்டி எடுப்பதில் இன்னொரு லாபம், வறுத்த வாசனைகளில் பல கொழுப்பில் கரைபவை, அவை கல்லோடு போகாமல் டார்ட்டியாவில் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் கிம்ச்சி, உப்பும் மிளகாயும் போட்டுப் புளிக்கவைத்த கொரியக் கோஸ். உப்புப் போட்டதும் கோஸ் இலை தண்ணீர் விடுகிறது, பல கிருமிகளுக்கு அந்த உப்பு ஒத்துக்கொள்ளாது, இலையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். முதலில் வேலையில் இறங்குகிறவற்றில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ். பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதற்கு முக்கியக் காரணமும் இதே பாக்டீரியாதான்! அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் விடும், இட்லியில் அது மாவைத் தூக்குகிறது, கிம்ச்சியில் நாக்கில் சுறுசுறுவென்று தெரிகிறது. புளிப்பு ஏற ஏற இது ஒதுங்கிக்கொள்ள, அமிலம் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் தொடரும். டாக்கோவுக்கு அந்தப் புளிப்பு கட்டாயம் வேண்டும். புளிப்பு பட்டதும் எச்சில் ஊறும், நாக்கில் படிந்த கொழுப்புப் படலம் கழுவப்படும், அடுத்த கடியில் கறி மறுபடி முதலில் இருந்து ருசிக்கும். எலுமிச்சை பிழிவதும் இதற்கே.

கிம்ச்சியின் சிவப்பு மிளகாயால் வந்தது. அந்த மிளகாய் கொரியாவுடையதே அல்ல. மக்காச்சோளம் போலவே அதுவும் மெக்சிகோ பக்கத்துச் செடி, போர்த்துகீசியக் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்தது, நம் குழம்பிலும் அப்படித்தான் சேர்ந்தது. 1614-ஆம் ஆண்டுக் கொரியக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதன் காரம் ருசி வகையில் சேராது, 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் நரம்புக் கதவை மிளகாயின் கேப்சைசின் சூடு இல்லாமலேயே திறந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உறைத்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஓரத்தில் வைக்கும் புளித்த கிரீமைத் தொட்டுக்கொள்ளுங்கள், பாலின் கேசீன் புரதமும் கொழுப்பும் அதைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும்.

தட்டு வந்ததும் போட்டோ எடுப்பதில் நேரம் போக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் சாறு இறங்கி டார்ட்டியா ஊறிவிடும், ஒன்றுக்கு அடியில் இன்னொன்று வைத்துத் தருவதே அதற்காகத்தான். உள்ளே இருப்பது ஊறிக் கிழிந்தாலும் வெளியே இருப்பது தாங்கும். சிலர் அடியில் இருப்பதை உருவி வைத்துக்கொள்வார்கள், தட்டில் சிந்திய கறித் துணுக்கையும் கிம்ச்சியையும் அதில் வாரி, மிச்சமிருக்கும் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்தால் இன்னொரு சின்ன டாக்கோ.